நான் சாத்திவிட்டு வந்த கதவு

புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு மூன்று தளம். அந்தத் தெருவில் அதைவிட உயரமாக எதுவும் கிடையாது. கீழே மெத்தைக் கடை. முதல் மாடியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரின் குடும்பம். இரண்டாம் மாடியை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் நானும் என் கணவரும். மறு பக்கம் டீச்சரக்காவும் அவர் வீட்டுக்காரரும். எங்களுக்கு மேலே மொட்டை மாடி. தெருவிலிருந்து எங்கள் வாசல்வரை ஏறிவர ஒரே ஒரு மரப்படி. அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போகக் குறுகலான செங்கல் படி.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். நான் அன்னவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் கணவர் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. மாடி வீடு என்பதை நான் அதற்கு முன் கீழேயிருந்து பார்த்ததோடு சரி. வந்த புதிதில் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்குவேன். கடையிலிருந்து இலவம் பஞ்சு பறந்து வந்து படியெல்லாம் ஒட்டிக்கிடக்கும். பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருக்கும்.

டீச்சரக்கா பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குழந்தை இல்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒருகாலத்தில் குடுமியான்மலை, அன்னவாசல் பக்கமெல்லாம் கிணறு வெட்டுகிற இடங்களில் பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. வெடித்துவிட்டு உள்ளே இறங்கிய ஒருநாள் வடம் அறுந்து அடியில் விழுந்துவிட்டார். முதுகெலும்பு போயிற்று. அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று பார்த்ததில் இரண்டாம் மாடிதான் அமைந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை மேலே தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் போட்ட கயிற்றுக் கட்டிலும், கம்பிக்கு அந்தப்பக்கம் தெரிகிற தெருவும்தான் அவருக்கு உலகம்.

அக்கா பள்ளிக்கூடம் போன பிறகு நான்தான் அவருக்குத் தண்ணீர், கஞ்சி எடுத்துக் கொடுப்பேன். என் மகன் பிறந்த பிறகு அவனைக் கொண்டுபோய் அண்ணன் பக்கத்தில் விட்டுவிட்டு நான் அடுப்பு வேலை பார்ப்பேன். அவர் குழந்தையோடு பெரிய மனிதரிடம் பேசுவதுபோலப் பேசுவார். "என்ன தம்பி, இன்னைக்கு வண்டி ரொம்ப வருது, பாத்தீங்களா?" என்பார். சுவருக்கு இந்தப்பக்கம் நின்று நான் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, கீழ படிக்கு அடியில என்ன வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"பஞ்சு மூட்டைண்ணே. தேங்கா நாரும் கெடக்கு. கடையில எடம் பத்தலையாம்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு, "ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் இருக்கது அந்த ஒரு படி. அதுவும் மரப்படி. அதுக்கு அடியில போயி பஞ்ச அடைச்சு வச்சா எப்புடி?" என்றார்.

கட்டடச் சொந்தக்காரர் வாடகை வாங்க வந்த அன்று அண்ணன் அவரிடமே இதைச் சொன்னார். சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல், "சும்மா கெடக்குற எடந்தானே, இருந்துட்டுப் போகட்டுங்க. இத்தன வருஷத்துல ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அண்ணன் மறுபடி சொன்னார். அதற்கு அடுத்த மாதமும் சொன்னார். பிறகு சொந்தக்காரர் எங்கள் வீட்டோடு திரும்பிப் போய்விட, அக்காவே கீழே போய் வாடகையைக் கொடுத்து வரத் தொடங்கினார்.

சொல்லிப் பயனில்லை என்று ஆனதும் அண்ணன் வேறு வழி யோசித்தார். எங்கள் மொட்டை மாடியை ஒட்டிப் பக்கத்து வீட்டின் மொட்டை மாடி இருந்தது. ஆனால் அது ஒரு ஆள் உயரத்துக்கு மேல் பள்ளத்தில் இருந்தது. நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அங்கே ஒரு ஏணி இருந்தால் கீழே இறங்காமலே எல்லோரும் வெளியேறிவிடலாம் என்றார். என் கணவர் அன்னவாசலுக்குப் போனபோது என் பிறந்த வீட்டு மூங்கில் ஏணியை பஸ்ஸின் மேலே கட்டிக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கி, அவர் மாடிப்பக்கமாக ஏணியைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டினார்.

அத்தோடு அண்ணன் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் குடும்பத்தையும் எங்களையும் தன் கட்டிலைச் சுற்றி உட்கார வைத்தார்.

"தீ வந்துதான் ஆளக் கொல்லும்னு நெனைக்காதீங்க. அதுக்கு முன்னாடி பொகை வந்துரும். கெணத்துக்குள்ள வெடி போட்டா பொகை அடியில நிக்கும். வீட்டுக்குள்ள மேல நிக்கும். நின்னா மூச்சு முட்டும். தரையோட தரையாத் தவழ்ந்து போங்க. துணிய நனைச்சு மூக்குல கட்டிக்கங்க. போறப்ப கதவத் தெறந்து போட்டுட்டு ஓடாதீங்க. சாத்திட்டுப் போங்க. சாத்துன கதவு பொகையைக் கொஞ்ச நேரமாச்சும் நிறுத்தி வைக்கும்."

கம்பவுண்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய பிள்ளைகள் நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தவழ்ந்தபோது எங்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கி ஏறினேன். பக்கத்து வீட்டு மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடி கூத்து இது?" என்றார்.

கடைசியாக அண்ணனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஜமுக்காளத்தை நாலாக மடித்து இரண்டு பக்கமும் கயிறு கோத்துத் தூளிபோல ஒன்றை அவரே தைத்து வைத்திருந்தார். முன்னால் என் கணவர், பின்னால் கம்பவுண்டர். செங்கல் படியில் இடித்து, நின்று, மூச்சு வாங்கி, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முழு வானத்தைப் பார்க்கிறார். யாரும் அதை யோசித்திருக்கவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தூளியைப் பிடித்துக்கொண்டு இறக்கத் தயாரானபோது, "செத்த நேரம் இருந்துட்டு வாரேனே" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். அக்கா அவருக்கு மேலே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அன்று அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்று ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் தீப்பிடித்தால் அந்தத் தூளியை யார் தூக்குவது? எனக்குத் தோன்றவே இல்லை. என் கணவருக்கும் தோன்றவில்லை என்றுதான் சொன்னார். அண்ணனுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. ஒவ்வொரு படியையும் எண்ணி வைத்திருந்த மனிதர் அவர். தெரிந்துதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

நாலைந்து மாதம் போயிற்று. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் மகனுக்கு ஒரு வயது நிறையவில்லை. மத்தியானம் சோறு வடித்துவிட்டு அவனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். கீழே மெத்தைக் கடையில் பின்பக்கமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ போடுவார்கள். அன்றைக்கு அது பீறிட்டு எரிந்திருக்கிறது. ஒரு ஆள் பதறிப்போய்த் தட்டிவிட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது நடுச்சுவரில் அண்ணன் கையால் குத்தும் சத்தம்.

"தங்கச்சி! பொகை வாடை வருது. வாசக் கதவத் தொட்டுப் பாரு. சூடா இருந்தாத் தெறக்காத."

தொட்டேன். சூடு இல்லை. திறந்தேன். படிக்கட்டுக் குழியிலிருந்து கறுப்பாக, நாரும் துணியும் கருகும் நாற்றத்தோடு புகை மேலே வந்துகொண்டிருந்தது. கீழே ஆட்கள் கத்தினார்கள். அடியில் படியே எரிகிறது என்று தெரிந்தது. கம்பவுண்டரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவர் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அப்போது மூன்று உயிர்தான். நான், என் குழந்தை, அண்ணன்.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் அதற்குள் கட்டிலிலிருந்து தரையில் இறங்கி, கைகளை ஊன்றி நகர்ந்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். ஒரு துண்டை நனைத்துக் குழந்தையின் முகத்தில் போர்த்தச் சொன்னார். என் முந்தானையை நனைக்கச் சொன்னார்.

"நீ மேல போயிரு. புள்ளையக் கொண்டு போ."

"உங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிருவேண்ணே."

குழந்தையை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தூளியின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் கைகளால் தரையைத் தள்ளிக் கொடுத்தார். வாசலைத் தாண்டிச் செங்கல் படியின் அடிவரை வந்துவிட்டோம். அதற்கு மேல் ஒரு படிகூட அவரை ஏற்ற முடியவில்லை. குழந்தையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு படி ஏறினார். நான் பிடியை மாற்றுவதற்குள் சறுக்கி இறங்கிவிட்டார். அண்ணன் ஒல்லியானவர்தான். அந்தக் கால்களுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குழந்தை இருமினான். ஒரு மாதிரி சத்தமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு இருமினான்.

அண்ணன் அவனைப் பார்த்தார்.

"போதும் தாயி. என்னைய உள்ள கொண்டாந்து விடு. உள்ளதான் நல்லது. ஜன்னல் இருக்கு. நீ மேல போயி ஆளக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரு போதும்."

திரும்ப இழுத்தேன். இறக்கத்தில் வந்ததுபோல் சுலபமாக வந்துவிட்டார். அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நிமிர முடியவில்லை. என் முந்தானை அவர் கையில் இருந்தது.

இறுகப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்தேன். பயம் என்றால் என்ன என்று நான் அப்போதுதான் பார்த்தேன். கண் என்மேல் இருந்தாலும் என்னைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குழந்தை இரண்டு முறை இருமினான். நான் "அண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கையைப் பார்த்தார். தன் கையையே யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"கதவச் சாத்திட்டுப் போ, தாயி" என்றார். குரல் வழக்கமான குரலாகிவிட்டது. "நல்லா இழுத்துச் சாத்து. நான் துணிய அடியில வச்சுக்கிறேன்."

சாத்தினேன்.

படியில் தவழ்ந்து ஏறினேன். மொட்டை மாடிக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா ஏணியில் பாதி ஏறி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, "உள்ள ஆளு இருக்கு, நடக்க முடியாதவரு, ரெண்டு பேரு வாங்க" என்று கூவினேன். அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு செங்கல் படியில் இறங்கினார்கள். நாலு படி போவதற்குள் திரும்பி வந்து மாடியில் விழுந்து வாந்தி எடுத்தார்கள். அதில் ஒருவர் மறுபடி போனார். மறுபடி வந்தார். மூன்றாவது முறை நான் போகிறேன் என்று கிளம்பியபோது அவர்கள்தான் என்னைப் பிடித்து ஏணியில் இறக்கினார்கள். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

தெருவுக்கு வந்தபோது ஊரே கூடியிருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் கைமாறி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் மாடி ஜன்னல் கம்பியில் அண்ணன் டம்ளரால் தட்டிக்கொண்டிருந்தார். சீராக, அவசரமில்லாமல், இங்கே இருக்கிறேன் என்று சொல்வதுபோலத் தட்டினார். தெருவிலிருந்தவர்கள் "பொறுங்க, பொறுங்க, வாராங்க" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு எட்டும் ஏணி யாரிடமும் இல்லை. எட்டினாலும் ஜன்னலில் கம்பி. தீயணைப்பு வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. அன்று சந்தை நாள். தெருவை அடைத்துக்கொண்டு நின்ற மாட்டு வண்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளித்தான் அது உள்ளே வர வேண்டியிருந்தது. வண்டிக்காரர்கள் எல்லோரும் ஓடி ஓடித் தள்ளினார்கள். யாரும் சும்மா நிற்கவில்லை.

அதற்குள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு யாரோ ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சரக்கா வந்தபோது தீயை அணைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறார். ஒரு காலில் செருப்பில்லை. விரலெல்லாம் சாக்பீஸ் தூள். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. வழிவிட்டவிதமே அவருக்குச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். நான் குழந்தையோடு ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

குழந்தையின் தலையில் கை வைத்து, "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

அந்த அறைக்குள் தீ போகவே இல்லை. சாயங்காலம் உள்ளே போய்ப் பார்த்த என் கணவர் சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டர் தாள்கூடக் கருகவில்லை. கதவின் அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி இடுக்கில்லாமல் அடைத்து வைத்திருந்தார் அண்ணன். சொல்லிக் கொடுத்ததெல்லாம் செய்திருந்தார். புகை கதவு வழியாக வரவில்லை. தளத்தில் உத்தரக்கட்டை போகிற ஓட்டைகள் வழியாகக் கீழேயிருந்து வந்துவிட்டது. அவர் ஜன்னலுக்கு அடியில் சுவரில் சாய்ந்து, தூங்குகிறவர் மாதிரி இருந்தாராம்.

போலீசில் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். முந்தானையைப் பிடித்ததைச் சொல்லவில்லை. ஊரிலும் பேச்சு வந்தது. "உள்ள ஆள வச்சுக் கதவச் சாத்திட்டு வந்துட்டாளாம்" என்று தெருக்குழாயில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. கம்பவுண்டர் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளோடு சண்டைக்குப் போனார். "அந்த மனுஷன் சொல்லித்தாண்டி சாத்துனா. ஒனக்கு என்ன தெரியும்? நாங்க எல்லாம் படிச்ச பாடம் அது" என்று கத்தினார். கத்திவிட்டு அவரும் அழுதார்.

எனக்கு அன்றோடு பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுத்துத்தான் வளர்த்தோம். "நீ என்ன பண்ணியிருக்க முடியும்?" என்று என் கணவர் எத்தனையோ தடவை கேட்டார். ஆறுதலுக்குத்தான் கேட்டார். ஆனால் அது எனக்கு உண்மையான கேள்வியாகவே வந்து நின்றது. குழந்தையை முதலில் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே ஆட்களோடு இறங்கியிருந்தால்? அவரை இழுத்து, சறுக்கவிட்டு, திரும்ப உள்ளே கொண்டுபோய் விட்ட நேரத்தில் இரண்டு பேர் வந்திருக்க மாட்டார்களா? படுத்தால் அந்தக் கணக்கு ஓடும். அது எந்தப் பக்கமும் முடியாது.

கட்டடச் சொந்தக்காரர் துஷ்டி கேட்க வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று போன என் கணவர் அப்படியே திரும்பிவிட்டார். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது கல்லால் இரண்டு படி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் ஊருக்கு வெளியே ஓட்டு வீடு ஒன்று பார்த்துக்கொண்டு போய்விட்டோம்.

டீச்சரக்கா திருமயம் பக்கம் தன் தம்பி இருக்கும் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, என் மகனுக்கு மூன்று வயது நடக்கும்போது, மனசு கேட்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பஸ் ஏறினேன். முன்கூட்டித் தபால் எழுதவில்லை. எழுதினால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ரோட்டோரத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் ஒரு கீற்றுக் கொட்டகை. அரையாள் உயரத்துக்கு மண் சுவர். முன்னால் ஒரு வாசல். பின்பக்கச் சுவரில் இன்னொரு வாசல், புதிதாக வெட்டியதுபோல ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு ஆடு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதை விரட்டிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"வா, வா. பஸ்ஸு எத்தன மணிக்கு விட்டான்? புள்ள வளந்துட்டானே" என்றார். நேற்றுப் பார்த்தவரிடம் பேசுவதுபோல இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு என்னைக் கொட்டகைக்கு வெளியே வேப்ப மரத்தடிக்கு அழைத்து வந்தார். பின்வாசலை நான் பார்த்ததைக் கவனித்திருக்கிறார். "நாந்தான் வெட்டச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்து, ஆடு மாடெல்லாம் உள்ள வருதேம்மான்னு சத்தம் போட்டாரு. வந்தா வந்துட்டுப் போகட்டும் சார்னேன்" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். தலை பாதி நரைத்திருந்தது.

என் மகன் மண்ணில் உட்கார்ந்து வேப்பம்பழம் பொறுக்கினான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னைய ஒண்ணு கேக்கணும். அன்னைக்கே கேட்டிருப்பேன். வாய் வரல" என்றார்.

"கேளுங்கக்கா."

"கடைசியா அவரு பயந்தாரா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் நான் பயந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

"இல்லக்கா" என்றேன். "எனக்குத்தான் தைரியம் சொன்னாரு. கதவச் சாத்திட்டுப் போ தாயின்னாரு. எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுனாரு."

அக்கா தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. "ஒங்கிட்டக் காட்டியிருக்க மாட்டாரு" என்றார். "அவருக்குப் பயம் உண்டு. கெணத்துல விழுந்ததுலேர்ந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும். விட்டா முழிச்சுக்குவாரு. யாருக்கும் தெரியாது. அன்னைக்கு அந்தக் கைக்கு ஒண்ணும் கெடைக்கலையேன்னுதான் எனக்கு."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கிடைத்தது அக்கா, என் முந்தானை கிடைத்தது, அதையும் அவரேதான் விட்டார் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ, இல்லை இன்னும் பெரிய துக்கமாகியிருக்குமோ, எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் முன்னால் இல்லை என்று சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்ற கூச்சமும் இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தில் அவ்வளவு சின்னக் கூச்சம் என்னைத் தடுத்தது. உள்ளே பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் அவர் தம்பி வீட்டில் சாப்பிட்டோம். என் மகனுக்கு அக்காவே ஊட்டிவிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு ரோடுவரை வந்து, ஒரு பையில் நிலக்கடலை கொடுத்தார். "அடிக்கடி வா. இனிமே சொல்லாம வராத, சொல்லிட்டு வா. புள்ளைக்கு ஏதாச்சும் செஞ்சு வைப்பேன்ல" என்றார்.

நான் மறுபடி போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். என் கணவருக்கு வேலை மாற்றம், அடுத்து ஒரு பெண் பிறந்தது, மாமனார் படுத்த படுக்கையானது என்று நாள் போய்விட்டது. நாலைந்து வருஷம் கழித்து அக்காவின் தம்பியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. காய்ச்சலில் பத்து நாள் கிடந்து அக்கா போய்விட்டார் என்றும், காரியமும் முடிந்துவிட்டது என்றும், எங்கள் விலாசத்தை அக்காவின் பெட்டியில் இப்போதுதான் பார்த்து எழுதுவதாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் கார்டை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, "போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டார். யாரைப் பார்க்க என்று கேட்டேன். அவர் திரும்பச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.